மீட்டர் பார்ப்பவரையும் டிராயிங் மேசைக்குக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக் கட்டடங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிப்பவன் நான். சூரியத் தகடு, இரட்டைக் கண்ணாடி, எல்இடி விளக்கு, மழைநீர்த் தொட்டி என்று என்னென்ன பொருத்தியிருக்கிறார்கள் என்பது அவற்றில் விவரமாக வருகிறது. அந்தக் கட்டடத்தை வரைந்தபோது யார் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள், எந்தக் கட்டத்தில் பேசினார்கள் என்பது மட்டும் வருவதேயில்லை. ஒரு கட்டடம் தன் ஆயுள் முழுக்க எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறியாளர். சில்லர் (ஏ.சி.க்கான தண்ணீரைக் குளிராக்கும் மெஷின்), பம்ப், கூலிங் டவர் (அந்தச் சூட்டை வெளியே விடும் கோபுரம்), ஏ.எச்.யூ. (காற்றை வடிகட்டி, குளிர்வித்துத் தளங்களுக்கு அனுப்பும் மெஷின்), ஜெனரேட்டர், லிஃப்ட் எல்லாம் என் குழுவின் பொறுப்பு. வரைந்தவர்களும் கட்டியவர்களும் கிளம்பிப் போன பிறகு சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைபவர்கள் நாங்கள். உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை இயக்கவே போகிறது என்கிறது சர்வதேச ஆற்றல் முகமை. அந்த 30 சதவீதத்தில் எங்கள் பங்கை ஒவ்வொரு மாதமும் கையால் குறிப்பேட்டில் எழுதுகிறோம். எழுதும்போதெல்லாம் தெரிகிறது, இந்த எண்ணில் எங்களால் குறைக்க முடிந்தது கொஞ்சம்தான். மீதி நாங்கள் வருவதற்கு முன்பே கான்கிரீட்டில் போட்டு மூடப்பட்டுவிட்டது.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் கட்டடக் கலைஞர் வருகிறார். கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கும், எவ்வளவு கண்ணாடி, தளம் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அவர் மேசையில் முடிவாகிறது. அடுத்து கட்டமைப்புப் பொறியாளர் தூணும் பீமும் வைக்கிறார். அப்புறம்தான் டிராயிங் ஏ.சி. கன்சல்டன்ட் கைக்குப் போகிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று முடிவாகிவிட்ட கட்டடத்தில் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பெரிய மெஷின் போடுவது. கணக்கில் வந்ததற்கு மேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டுகிறார். மின் பொறியாளர் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி டிரான்ஸ்ஃபார்மர் போடுகிறார். வாங்கும்போது ஒப்பந்தக்காரர் கிடைக்கிற அடுத்த பெரிய சைஸை எடுக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் யார் செய்ததும் தவறில்லை. தனக்கு முன்னால் இருந்தவர் எவ்வளவு கூட்டினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் கட்டடத்தில் இருப்பவை ஒரே அளவுள்ள இரண்டு பெரிய சென்ட்ரிஃபியூகல் சில்லர்கள் (சுழலும் சக்கரத்தால் வாயுவை அழுத்தும் வகை). அலுவலகம் நிரம்பி, வெயிலும் உச்சத்தில் இருக்கும் மதியங்களில் அவை அருமையாக ஓடுகின்றன. அப்படிப்பட்ட மதியங்கள் ஆண்டில் மிகக் குறைவு. இரவிலும் விடுமுறை நாள்களிலும் சர்வர் அறைக்கு மட்டும் குளிர்ச்சி வேண்டும். அந்தச் சின்ன லோடுக்கும், அதாவது குளிர்விக்க வேண்டிய சுமைக்கும், இந்தப் பெரிய மெஷினைத்தான் ஓட்டியாக வேண்டும். லோடு மிகவும் குறைந்தால் கம்ப்ரஸரில் வாயு பின்னோக்கி அடிக்கும். சர்ஜ் என்போம், சத்தம் மாறும், மெஷின் அதிரும், கடைசியில் தானாகவே நின்றுவிடும். அது நிற்காமலிருக்க, அழுத்திய சூடான வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே விடுகிறோம். அதாவது இல்லாத லோடை இருப்பதாகக் காட்டி மின்சாரத்தைச் செலவழிக்கிறோம். இரண்டு பெரிய சில்லர்களோடு மூன்றாவதாக ஒரு சின்ன சில்லர் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. டிராயிங் போட்ட காலத்தில் கட்டடம் ஓட்டிப் பழகிய ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டு, "இரவில் என்ன ஓடும்?" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்த விஷயத்தில் சில்லர் தயாரிப்பாளர்களிடம் நல்ல அறிவு இருக்கிறது. ஒரு சில்லர் ஆண்டு முழுக்க எப்படி ஓடும் என்று மதிப்பிட அமெரிக்கத் தரமொன்றை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் முழு லோடில் ஓடும் திறனுக்குக் கொடுத்திருக்கும் பங்கு வெறும் 1 சதவீதம். 75 சதவீத லோடுக்கு 42, 50 சதவீத லோடுக்கு 45, 25 சதவீத லோடுக்கு 12. மெஷினைச் செய்கிறவர்களுக்கே அது முழு லோடில் ஓடுவது அபூர்வம் என்று தெரியும். ஆனாலும் டெண்டரில் முழு லோடுத் திறனை மட்டும் கேட்டு, அதில் யார் விலை குறைவோ அவரிடம் வாங்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. தயாரிப்பாளரை விலை கேட்கும் நாளில் மட்டும் கூப்பிடாமல், லோடு கணக்குப் போடும் நாளிலேயே கூப்பிட்டால் அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

இன்னொரு விஷயம், பார்வைக்குச் சின்னதாகத் தெரியும். எங்கள் தளங்கள் சிலவற்றில் ஏ.எச்.யூ. அறைக்குள் ஃபில்டரை முழுசாக உருவ இடமில்லை. ஏ.சி. டிராயிங்கில் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தின் வழியாக மின் ஒப்பந்தக்காரர் கேபிள் டிரே கொண்டுபோய்விட்டார். அவர் டிராயிங்கில் ஏ.எச்.யூ. ஒரு வெற்றுச் சதுரம், அவ்வளவே. இப்போது ஃபில்டரை வளைத்து, சாய்த்து, இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு தொழிலாளிக்குக் கை கிழிந்திருக்கிறது. செய்யக் கடினமான வேலை தள்ளிப்போகும்; மனிதர்கள் அப்படித்தான். தள்ளிப்போனால் தூசி அடைத்து, அதே காற்றைத் தள்ள விசிறி கூடுதல் வேகத்தில் சுற்றும். விசிறி வேகம் லேசான விஷயமில்லை. வேகத்தை 20 சதவீதம் குறைக்க முடிந்தால் விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மின்சாரம் ஏறி இறங்குவதே காரணம். குறைக்க வேண்டிய இடத்தில் நாங்கள் கூட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சிக்கலுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஏ.சி. டிராயிங்கையும் மின் டிராயிங்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு பேரும் அரை மணி நேரம் சேர்ந்து பார்த்திருக்கலாம். இன்று முப்பரிமாண மாதிரிகளில் கணினியே மோதல்களைச் சிவப்பில் காட்டுகிறது. ஆனால் குழாய் குழாயோடு மோதினால்தான் அது காட்டும். ஃபில்டரை இழுக்க ஒரு ஆள் நிற்க வேண்டிய வெற்றிடத்தையும் மாதிரியில் ஒரு பொருளாக வரைந்து வைக்கச் சொல்ல, ஃபில்டரை இழுத்துப் பழகியவர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கன்சல்டன்டுக்குப் பல இடங்களில் அவர் வடிவமைக்கும் வேலையின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம். ஒருவர் இராப்பகலாக உட்கார்ந்து, கட்டடக் கலைஞரோடு வாதாடி, ஜன்னலுக்கு நிழல் வரவழைத்து, சில்லரின் அளவைக் கால்பங்கு குறைக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வேலை கூடும், கட்டணம் குறையும். அதோடு, ஒரு அறை சூடாக இருக்கிறது என்று புகார் வந்தால் பழி அவர் மேல் விழும். மெஷின் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது என்று யாரும் வழக்குப் போடப்போவதில்லை. இந்த ஏற்பாட்டில் நல்ல பொறியாளர்கூட பெரிய மெஷினைத்தான் எழுதுவார். நிலையான கட்டணம் ஒன்று. கட்டடம் ஓராண்டு ஓடிய பிறகு மீட்டர் காட்டும் கணக்கைப் பார்த்து மேலே ஒரு தொகை. இப்படிப் பிரித்தால் அதே பொறியாளரின் பேனா வேறு மாதிரி ஓடும்.

எவ்வளவு குறைக்க முடியும் என்று சந்தேகப்படுபவர்களுக்காக ஓர் உதாரணம். 1990களின் பிற்பாதியில் ஷாங்காயில் இன்டர்ஃபேஸ் என்ற கம்பள நிறுவனத்துக்கு ஓர் ஆலை வடிவமைத்தார்கள். அதில் ஒரு பம்ப் அமைப்புக்கு முதலில் போட்ட கணக்கு 95 குதிரைத்திறன். யான் ஷில்ஹாம் என்ற பொறியாளர் அதை மறுபடி வரைந்து 7 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார். புதிய இயந்திரம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. குழாயைப் பெரிதாக்கினார், குழாய் வளையாமல் நேராகப் போகும்படி முதலில் அதை வைத்துவிட்டு அப்புறம் இயந்திரங்களை வைத்தார். அதே அளவு தண்ணீர் போகும்போது குழாயின் விட்டம் கூடினால் உராய்வு, ஏறத்தாழ அந்த விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கல்லூரியில் எல்லோரும் படிப்பதுதான். பிறகு ஏன் யாரும் செய்வதில்லை? பெரிய குழாய்க்கு ஷாஃப்டில் (தளம் தளமாகக் குழாய்கள் ஏறி இறங்கும் செங்குத்து வழியில்) இடம் வேண்டும், ஷாஃப்ட் கட்டடக் கலைஞர் கையில் இருக்கிறது. நேராகப் போக பீமில் துளை வேண்டும், பீம் கட்டமைப்புப் பொறியாளர் கையில் இருக்கிறது. குழாய்க்கான கூடுதல் செலவு ஒருவருடைய பட்ஜெட்டில் விழுகிறது. பம்பிலும் மோட்டாரிலும் கேபிளிலும் வரும் மிச்சம் இன்னொருவருடைய பட்ஜெட்டில் சேர்கிறது. எல்லோரும் ஒரே மேசையில் இருந்தால் ஒழிய இந்தக் கூட்டல் கழித்தலை யாராலும் போட்டுக் காட்ட முடியாது.

ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் செய்து பார்த்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கட்டடத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏ.சி.யும், மறு பாதிக்குக் கான்கிரீட் ஸ்லாபுக்குள் புதைத்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓட்டும் முறையும் போட்டார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி வேலை. தனித்தனி மீட்டர். ஸ்லாபைக் குளிர்வித்த பாதி மூன்றில் ஒரு பங்கு குறைவாக மின்சாரம் எடுத்தது. அதற்காகக் கட்டுமானச் செலவு கூடிவிடவும் இல்லை. ஆனால் கான்கிரீட் ஊற்றிய பிறகு இந்த யோசனை வந்தால் எந்தப் பயனும் இல்லை. கம்பி கட்டும் நாளில் குழாய் போடுபவரும் அங்கே நிற்க வேண்டும். ஸ்லாபில் எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்று பின்னால் விளக்கு மாட்ட வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்று உள்ளே வந்தால் குளிர்ந்த ஸ்லாபில் தண்ணீர் கோக்கும். ஆகவே கதவும் ஜன்னலும் செய்பவர் காற்றுக் கசிவைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும், வெளிக்காற்றை உலர்த்தி அனுப்பத் தனி மெஷினும் வேண்டும். தனித்தனி ஒப்பந்தங்களாக வெட்டி, ஒவ்வொருவரையும் முந்தையவர் வேலை முடித்த பிறகு கூப்பிடும் முறையில் இப்படி ஒரு கட்டடம் எழும்பவே எழும்பாது.

ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் வளாகமும் அப்படித்தான். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸும் ஆரப் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து வரைந்தது. இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளே தள்ளி, கனமான கான்கிரீட்டைக் குளிர்விக்கின்றன. பகலில் அந்தக் குளிர்ச்சியே போதுமானதாக இருக்கிறது. வழக்கமான ஏ.சி. அங்கே கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை நன்றாக மாறும் ஊரில் இது நடக்கும். எல்லா ஊருக்கும் பொருந்தாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அப்படியே நகலெடுத்து வியர்வையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய கட்டடங்களுக்கும் இது பொருந்தும். நியூயார்க்கில் 1931இல் எழும்பிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தை 2009இல் அறிவித்தார்கள். உரிமையாளர், கட்டட மேலாண்மை நிறுவனம், கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனம், ஆற்றல் ஆய்வு அமைப்பு எல்லாரும் முதலிலிருந்தே சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆற்றல் பயன்பாட்டை 38 சதவீதம் குறைப்பது இலக்கு. அவர்கள் வேலையை அடுக்கிய வரிசைதான் எனக்குப் பாடம். முதலில் 6,514 ஜன்னல்களைக் கழற்றி, இருந்த கண்ணாடியையே வைத்து, நடுவில் ஒரு படலமும் வாயுவும் சேர்த்து, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டுத் திரும்பச் செய்தார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் தடுப்பு வைத்தார்கள். விளக்குகளை மாற்றினார்கள். இப்படி லோடைக் குறைத்த பிறகே சில்லரைத் தொட்டார்கள். அப்போது பார்த்தால் புதிய பெரிய சில்லர் தேவையே இல்லை. பழையதன் உள்பாகங்களை மாற்றினாலே போதுமானதாக இருந்தது. ஆற்றல் இவ்வளவு மிச்சமாகும் என்று கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. முதல் ஆண்டுகளில் அதைத் தாண்டியே மிச்சமானது. சில்லர் விற்பவரும் ஜன்னல் செய்பவரும் தனித்தனியே வந்திருந்தால் இருவரும் தம் சரக்கைத்தான் விற்றிருப்பார்கள்.

வாடகைக்கு விடும் கட்டடங்களில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நல்ல கண்ணாடிக்கும் நல்ல மெஷினுக்கும் பணம் போடுபவர் உரிமையாளர். மின்கட்டணம் கட்டுபவர் வாடகைதாரர். மிச்சம் தன் பைக்கு வராது என்றால் உரிமையாளர் ஏன் போட வேண்டும்? இந்த முடிச்சை ஆஸ்திரேலியா அவிழ்த்த விதம் எனக்கு நியாயமாகப் படுகிறது. நேபர்ஸ் என்ற மதிப்பீட்டு முறையில், வரைபடத்தைப் பார்த்து அல்ல, 12 மாத மின்கட்டண ரசீதைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கட்டுவதற்கு முன்பே இத்தனை நட்சத்திரம் எட்டுவேன் என்று கட்டுபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். ஆள்கள் குடியேறி ஓராண்டு ஓடிய பிறகு உண்மையான எண் வெளியே வரும். 2010இல் வந்த சட்டத்தின்படி, பெரிய அலுவலக இடங்களை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ அந்த நட்சத்திரத்தை விளம்பரத்திலேயே போட்டாக வேண்டும். 2,000 சதுர மீட்டர் என்றிருந்த வரம்பை 2017இல் 1,000 ஆகக் குறைத்தார்கள். வாடகைதாரர் கண்ணுக்கு எண் தெரிந்ததும் உரிமையாளருக்கு அக்கறை வந்துவிடுகிறது. அவர் அக்கறைப்பட்டால் வடிவமைப்பவர்களைத் தாமே ஒரே மேசைக்கு அழைத்துவருவார்.

வடிவமைத்தவர்கள் சாவி கொடுத்த அன்றே காணாமல் போய்விடும் வழக்கமும் மாற வேண்டும். பிரிட்டனில் சாஃப்ட் லேண்டிங்ஸ் என்ற ஏற்பாட்டில், ஒப்படைத்த பிறகும் வடிவமைப்புக் குழுவினர் அடிக்கடி வந்து, உள்ளே வேலை செய்பவர்களிடம் கேட்டு, கட்டுப்பாடுகளைச் சரி செய்துகொடுக்கிறார்கள். மூன்று ஆண்டுகள்வரை இது தொடரும். கணக்கில் போட்ட மின்சாரத்துக்கும் உண்மையில் ஓடும் மின்சாரத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பதை 1990களிலேயே அங்கே கட்டடம் கட்டடமாகப் போய் அளந்து காட்டினார்கள். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெயில் படும் சுவரில் மாட்டிய வெப்ப சென்சார், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் விசிறி, ஒரே அறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வால்வு. வடிவமைத்தவர் ஒருமுறை வந்து பார்த்தால் தன் அடுத்த கட்டடத்தில் இவற்றைச் செய்ய மாட்டார். வராவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை விசிறியை நிறுத்த எங்களால் முடியவில்லை என்றால் நம்புவீர்களா? கட்டுப்பாட்டு மென்பொருள் போட்டுக்கொடுத்த ஒப்பந்தக்காரர் வேலை முடிந்து போனபோது மேல்நிலை பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. நேர அட்டவணையில் ஒரு வரியை மாற்றக்கூட அவருக்கே எழுதி, அவர் ஆள் வந்து, அதற்குத் தனிக் கட்டணம். அவருடைய கருவிகள் வேறு யாருடைய மென்பொருளோடும் பேசாது. மாதக்கணக்கில் காலியான தளங்களுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது.

இதற்குத் தீர்வு எப்போதோ இருக்கிறது. போட்டி நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கிய தீர்வு அது என்பதால் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். கட்டடக் கருவிகள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது முறை வேண்டும் என்று அமெரிக்காவில் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் 1987இல் ஒரு குழு அமைத்தது. ஒன்றோடொன்று சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்களின் பொறியாளர்களும், பல்கலைக்கழக ஆள்களும், கட்டடம் வைத்திருப்பவர்களும் அதில் இருந்தார்கள். எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு வரிக்கும் வாதாடி 1995இல் பேக்நெட் என்ற தரத்தை வெளியிட்டார்கள். பிறகு அது உலகத் தரமாகவும் ஆனது. இன்று ஒரு நிறுவனத்தின் சில்லரையும் இன்னொன்றின் விசிறியையும் வேறொன்றின் திரையில் பார்க்க முடிவது அதனால்தான். யாரும் நஷ்டப்பட்டுப் போகவில்லை. டெண்டரில் இரண்டு வரி எழுதினால் போதும்: கருவிகள் பேக்நெட்டில் பேச வேண்டும்; ஒப்படைக்கும் நாளில் எல்லா பாஸ்வேர்டும் உரிமையாளர் கைக்கு வர வேண்டும்.

சிமென்ட், இரும்பு பற்றி நான் அதிகம் பேச முடியாது, என் வேலை மெஷின்களோடு. ஆனாலும் உலகின் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருவதால் அதை விட்டுவிடவும் மனமில்லை. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்து, க்ளிங்கரை (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்டின் முக்கியப் பொருளை) பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமென்டை சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். டெல்லி, மும்பை, சென்னை ஐஐடிகள் அதில் பங்கெடுத்தவை. வழக்கமான சிமென்டைவிட 40 சதவீதம்வரை கரியமில வாயு குறையும். அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ அதிகம் கலந்த கான்கிரீட் மெதுவாக இறுகும். அடித்தளம் போன்ற இடங்களில் ஊற்றி 28 நாளில் வரும் வலிமைக்குப் பதிலாக 56 நாளில் வரும் வலிமையைக் கேட்டால் இன்னும் குறைவான சிமென்டில் வேலை முடியும். ஆனால் அந்த மாற்றத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் தனியாக எழுத முடியாது. கான்கிரீட்டைத் தாங்கும் பலகையை எப்போது கழற்றலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் கால அட்டவணை அதற்கு ஒத்துவர வேண்டும். இங்கேயும் அதே கதைதான்.

எல்லோரையும் கூப்பிட்டால் கூட்டம்தான் நடக்கும், வேலை நடக்காது என்பார்கள். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருபது பேர் உட்கார்ந்து யாரும் முடிவெடுக்காத கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு நல்ல மருந்து ஒரே ஒரு எண். கொலராடோ மாநிலம் கோல்டனில் அமெரிக்க அரசின் ஆற்றல் ஆய்வுக்கூடம் தனக்கொரு அலுவலகம் கட்டி 2010இல் திறந்தது. டெண்டரிலேயே, நிலையான பட்ஜெட்டோடு, ஆண்டுக்கு ஒரு சதுர அடிக்கு இவ்வளவு ஆற்றல்தான் என்று எழுதிவிட்டார்கள். எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. வரைபவரும் கட்டுபவரும் ஒரே குழுவாக வந்து போட்டியிட வேண்டும். அந்த எண் சுவரில் தொங்கும்போது விவாதம் தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. தளத்தின் அகலத்தை சுமார் 18 மீட்டருக்குள் வைத்தால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கும் பகல் வெளிச்சம் எட்டும் என்பது கட்டடக் கலைஞரின் பங்கு. மேசையில் என்ன கணினி வைப்பது என்பது உரிமையாளரின் பங்கு. மேசைக் கணினிக்குப் பதில் மடிக்கணினி என்று அவர்களும் இறங்கிவர வேண்டியிருந்தது. எண்ணுக்குள் எல்லோருக்கும் ஒரு பங்கு.

புதிதாகக் கட்டப்போகும் நிறுவனங்களையும் பள்ளி, மருத்துவமனை நிர்வாகங்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். டெண்டரில் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று எழுதுங்கள். தளவாரியாகவும், சில்லர், விசிறி, விளக்கு என்று பிரித்தும் துணை மீட்டர்கள் கேளுங்கள். ஒரே ஒரு மீட்டர் இருக்கும் கட்டடத்தில் குறை எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் டிராயிங் கூட்டத்துக்கே ஏ.சி., மின், கட்டமைப்புப் பொறியாளர்களோடு கண்ணாடி செய்பவரையும், குழாய் வேலை செய்பவரையும், நாளை அந்தக் கட்டடத்தை ஓட்டப்போகிறவரையும் கூப்பிடுங்கள். ஓட்டப்போகிறவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், ஏற்கெனவே அதே மாதிரிக் கட்டடம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவரை அரை நாள் கூப்பிடலாம். என்னைப் போன்ற பலர் சந்தோஷமாக வருவார்கள்.

எங்கள் பிளான்ட் ரூமை, அதாவது மெஷின்கள் இருக்கும் அறையை, வந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். குறிப்பேடுகளைத் திறந்து காட்டுகிறோம். இரவு லோடில் சில்லர் எப்படித் திணறுகிறது என்பதை நேரிலேயே கேட்கலாம். டிராயிங்கில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்